நாலாயிரத்து எண்ணூறு

குருநகரிலிருந்து பெனடிக்ற் அண்ணை
ஒரு சொப்பிங் பையில் கொண்டுவந்தது:
பாதித் திரை கறுத்த, உப்புப் பூத்த ஜிபிஎஸ்,
பெட்டி உடைக்காத புது ஜிபிஎஸ்,
கொழும்பிலிருந்து பஸ் பார்சலில் வந்த நீல வயர்.
"இது அதுக்குக் கொழுவுமோ எண்டு பார் பிள்ளை."

கொழுவும்.
கொழுவினதெல்லாம் கதைக்கும் என்றில்லை.

ஒரு நுனியில் ஒன்பது ஊசி, மறு நுனி யூஎஸ்பி.
நடுவில் நகத்தளவு சிப் ஒன்று
துபாசி வேலை பார்க்கிறது.
அந்தத் துபாசியை நம்பலாமா என்பதுதான்
இன்றைய கேள்வி.

கடை லப்ரொப்பில் விண்டோஸ்.
டிங் என்றது.
நல்ல சகுனம் என்று அண்ணை நிமிர்ந்தார்.
பிறகு மஞ்சள் முக்கோணம்.
கம்பனி பேர் சரி, இலக்கம் சரி,
ஆள் சரியில்லை என்கிறது புது ட்றைவர்.

"கள்ளச் சாமானோ?"
"கள்ளம்தான்.
வேலை தெரிஞ்ச கள்ளமோ எண்டு பாப்பம்."

(அடையாள அட்டை, வரிசை, சென்றி என்று
உங்களுக்கு ஏதும் ஞாபகம் வந்தால் வரட்டும்.
எனக்கும் வந்தது.
அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.)

மேசைக்குக் கீழே ஒரு பழைய பெட்டி,
விசிறி இரைகிற, லினக்ஸ் போட்ட பெட்டி.
கறுப்புத் திரையில் ஒரு வரி கேட்டேன்.
தன் குறிப்பேட்டைக் காட்டியது:
புதிதாய் ஒன்று வந்திருக்கிறது,
இன்ன இலக்கம்,
இன்ன ட்றைவர் பொறுப்பெடுத்தது.
அவ்வளவுதான்.

பொறுப்பெடுத்தால் போதுமா?
ஒரு கடதாசிக் கிளிப்பை நிமிர்த்தி
இரண்டாம் ஊசியை மூன்றாம் ஊசியோடு தொடுத்தேன்,
வாயைக் காதோடு பொருத்துகிற மாதிரி.
ஓரெழுத்துத் தட்டினேன்.
அதே எழுத்து திரும்பி வந்தது.
கிளிப்பை எடுத்துவிட்டுத் தட்டினேன்.
ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லையும் வேண்டும்,
இல்லாவிட்டால் முதலில் வந்ததை நம்பேலாது.

பழைய ஜிபிஎஸ்ஸைக் கொழுவினேன்.
கொட்டியது:
சதுரம், கேள்விக்குறி, கவிழ்ந்த கொம்பு, சதுரம், சதுரம்.
"பேய் பிடிச்சிட்டுதோ?"
"இல்லை அண்ணை, நான் கெதியாய்க் கேக்கிறன்."
ஒன்பதாயிரத்து அறுநூறை
நாலாயிரத்து எண்ணூறாக்கினேன்.

வசனம் வந்தது.
டொலர் குறியில் தொடங்குகிற வசனங்கள்,
ஆனால் இடம் சொல்லவேண்டிய இடத்தில்
காற்புள்ளி, காற்புள்ளி, காற்புள்ளி.
வானம் தெரியவில்லை அதுக்கு.
வயர் நீளுமட்டும் நீட்டி
அண்ணை ஸ்ரான்லி வீதி விளிம்பில் போய் நின்றார்,
ஒரு ஓட்டோ ஹோண் அடித்து விலத்திப் போனது.
ஒன்பது பாகை முப்பத்தொன்பது கலை, வடக்கு.
"சரியோ?" என்று வெளியிலிருந்து கத்தினார்.
"நீங்கள் நிக்கிற இடம் சரி!"

இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள்.
ஒரு பேருக்கு ஆறெழுத்துத்தான் இடம்:
பார், கல்லு, கல்லு ரெண்டு,
வலை கிழிஞ்சது, நண்டு, நண்டு இல்லை.
நூற்று நாற்பதாவது ஒரு ஆளின் பேர்.

"பழசிலயிருந்து போயிட்டுதோ எல்லாம்?"
"இல்லை, இது கொப்பி. ரெண்டிலும் இருக்கும்."

விசிறி கொஞ்ச நேரம் தனியாக இரைந்தது.

"அப்ப அந்த ஒண்டைப் புதுசில போடாதை.
இனி மகன்தான் ஓடப்போறான்.
அவன் கேப்பான்."

இருநூற்றுப் பதினொன்று ஏற்றினேன்.
நீல வயரில் ஒரு துண்டு ஒட்டி எழுதினேன்:
லினக்ஸில் ஓடும். புது விண்டோஸில் ஓடாது. 4800.
பில்லில் 'சோதனை' என்று போட்டு முந்நூறு ரூபா.

காசைத் தந்தவர்
பழைய ஜிபிஎஸ்ஸைத் துவாயில் சுற்றினார்.
படியிறங்கினவர் திரும்பி வந்து
அதுக்கும் இரண்டு புது பற்றரி கேட்டார்.